நாரி நோவுக்குப் போய் வார்ட்டில் படுத்த கதை: வார்ஃபரின் குடிப்பவர்கள் வீட்டில் இருந்தால் வாசியுங்கள்

இன்று விடியப் பேப்பரை விரித்தபோது உள்ளேயிருந்து ஒரு மஞ்சள் துண்டுப்பிரசுரம் விழுந்தது. "நாட்பட்ட நாரி நோவா? பத்தே தடவையில் பூரண சுகம். சத்திரசிகிச்சை தேவையில்லை." நிலையத்தின் பெயர் புதிது. தொலைபேசி இலக்கம் மட்டும் பழையது. அந்த இலக்கம் எனக்கு மனப்பாடம். போன வருடம் கட்டிய காசைத் திருப்பிக் கேட்டு அத்தனை தடவை எடுத்திருக்கிறேன்.

பெயரை எழுதப் போவதில்லை. பெயரை மாற்றி மாற்றித் திறப்பவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் நடந்ததை எழுதினால், இதே துண்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் யாராவது ஒருவருக்குப் பயன்படும்.

அப்பாவுக்கு 71 வயது. புன்னாலைக்கட்டுவனில் செம்மண் தோட்டம். வெங்காயம் நடுவதும் குனிந்துதான், களை பிடுங்குவதும் குனிந்துதான், கிண்டுவதும் குனிந்துதான். ஐம்பது வருடம் குனிந்த நாரி. ஸ்கான் எடுத்துப் பார்த்ததில் கீழ் முதுகில் நாலாம், ஐந்தாம் எலும்புகளுக்கு இடையில் வட்டு தேய்ந்து போயிருக்கிறது என்றார்கள். அதுவே போதாதென்று நாலு வருடத்துக்கு முன்னர் நெஞ்சுப் படபடப்பு என்று போனபோது இதயம் தாளம் தப்பித் துடிக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அப்படித் துடிக்கும் இதயத்துக்குள் இரத்தம் தேங்கிக் கட்டியாகி, அது மூளைக்குப் போனால் பாரிசவாதம். அதைத் தடுக்கத்தான் வார்ஃபரின். அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் குளிசை, கிளினிக்கில் ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனை (இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் எண்; அது கூடக்கூட உறையப் பிந்தும்), அந்த எண்ணை எழுத ஒரு கொப்பி. 2க்கும் 3க்கும் இடையில் நிற்கவேண்டும். அப்பா அந்தக் கொப்பியைத் தோட்டக் கணக்குக் கொப்பியைவிடப் பத்திரமாக வைத்திருப்பார்.

நாரி நோவுக்குக் கிளினிக்கில் தந்தது பனடோல் (பரசிற்றமோல்) மட்டும்தான். "இவ்வளவு நோவுக்கு உந்தப் பனடோல் என்ன செய்யும்?" என்று அப்பா நெடுகப் புறுபுறுப்பார். எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தது. ஏன் வேறொன்றும் தரவில்லை என்று நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. கிளினிக்கில் அந்த நெரிசலுக்குள் யார் கேட்பது?

நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கியது. ஒரு காலத்தில் பிரதட்டை பண்ணியவர். அது இனி முடியாது என்று அவருக்கே தெரியும். தேரன்று வீதியில் நின்று கும்பிட்டால் போதும் என்றார். பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க நாரி விடாது. அந்த நேரம் பார்த்து இந்த மஞ்சள் துண்டு வந்தது. கனடாவில் இருக்கும் அண்ணா, "காசைப் பார்க்காதே, கூட்டிக்கொண்டு போ" என்றார். பத்துத் தடவைக்கு 60,000 ரூபாய். முதலில் பாதி கட்டவேண்டும்.

இடம் வடிவாகத்தான் இருந்தது. ஏசி, சுவரில் முள்ளந்தண்டின் பெரிய படம், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர். எல்லோரும் அவரை டொக்டர் என்றார்கள். அவருடைய பெயரோ பதிவு இலக்கமோ எந்த இடத்திலும் எழுதியிருக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஒரு படிவம் தந்தார்கள். சீனி வருத்தம் இருக்கிறதா, பிறஷர் இருக்கிறதா, இரண்டு பெட்டி. வேறு என்ன குளிசை குடிக்கிறீர்கள் என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு வரிகூட இல்லை.

அப்பா தானாகவே சொன்னார். "இருதயத்துக்கு ஒரு குளிசை குடிக்கிறனான், ரத்தம் கட்டாமல் இருக்க." கொப்பியையும் எடுக்கப் போனார். அந்த மனிதர் கையைக் காட்டித் தடுத்தார். "அது பரவாயில்லை ஐயா. இருதயத்துக்கும் நாரிக்கும் என்ன தொடர்பு?"

இந்த ஒரு வசனம் காதில் விழுந்தபோதே நான் எழும்பியிருக்க வேண்டும். எழும்பவில்லை.

அன்றே பிட்டத்தில் ஓர் ஊசி. பிறகு எண்ணெய் போட்டு அரை மணித்தியாலம் உழக்கினார்கள். வெளியே வரும்போது சின்னக் கடதாசி உறையில் குளிசை. உறையில் மருந்தின் பெயர் இல்லை. "காலை 1, இரவு 1" என்று பேனையால் எழுதியிருந்தது. என்ன குளிசை என்று கேட்டேன். "நரம்புக்கு விற்றமின்" என்றாள் கவுண்டரில் இருந்த பிள்ளை. நம்பினேன். எங்கள் ஊரில் உறையில் போட்டுத் தரும் குளிசைக்குப் பெயர் கேட்கும் பழக்கமே இல்லையே. சிவப்புக் குளிசை, மஞ்சள் குளிசை, பெரிய குளிசை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் அப்பா தானே கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார். "பிள்ளை, நாரி விட்டுட்டுது!" வீடே சந்தோஷப்பட்டது. அண்ணா மற்றப் பாதிக் காசையும் அனுப்பினார், நான் கட்டினேன். பற்றுச்சீட்டில் "சேவைக் கட்டணம்" என்று இரண்டு சொல், ஒரு கிறுக்கல் கையெழுத்து.

ஊசி போட்ட இடத்தில் உள்ளங்கை அளவு கறுத்துக் கண்டியிருந்தது. முதுகிலும் அங்கங்கே நீலம். நான் படம் எடுத்து அவர்களுக்கே அனுப்பினேன். வந்த பதில்: "கெட்ட இரத்தம் வெளியேறுகிறது, பயப்பட வேண்டாம்." அம்மா அதைக் கேட்டு ஆறுதலடைந்தார். நானும்தான்.

பதினாறாம் நாள் விடிய அப்பா மலசலகூடத்தில் இருந்து வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறி, வேர்த்து ஒழுகியது. மலம் தார் போல் கறுப்பாகப் போகிறது, அதுவும் இரண்டு நாளாக என்று அப்போதுதான் சொன்னார். சொன்னால் நல்லூருக்கு விடமாட்டோம் என்று மறைத்திருக்கிறார். 1990க்கு அடித்தோம், அம்புலன்ஸ் வந்தது. (இலவசம். ஓட்டோ தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.) பெரியாஸ்பத்திரியில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7.4. கிளினிக் கொப்பியில் முந்தைய எண் 13. இரண்டு பைன்ற் இரத்தம் ஏற்றினார்கள், விற்றமின் கே கொடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் புண், அதிலிருந்து கசிவு.

வார்ட் டொக்டர் முதலில் கேட்டதே, "என்ன நோக்குளிசை குடிச்சவர்?" என்றுதான். விற்றமின் மட்டும்தான் என்றேன். உறையைக் கொண்டுவரச் சொன்னார். நல்லகாலம், கடைசியாகத் தந்த உறையில் குளிசைகளை உரித்துப் போடாமல், அட்டையைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு துண்டின் பின்புறத்தில் பெயரின் வால் மட்டும் தப்பியிருந்தது: "ஃபெனக்". "இது காணும்" என்றார். டைக்ளோஃபெனக். முதல் நாள் போட்ட ஊசியும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும் என்றார்.

நான் ஐ.என்.ஆர். எகிறியிருக்கும் என்று நினைத்தேன். பார்த்தால் 3.1. சின்ன ஏற்றம்தான். பிறகு எப்படி இவ்வளவு இரத்தம் போனது? அந்த டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இரத்தத்தை நிறுத்த உடம்பில் இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. ஒன்று ஈரலில் விற்றமின் கே-யைக் கொண்டு உருவாகும் உறைவுப் புரதங்கள். வார்ஃபரின் கட்டிப்போடுவது அவற்றை, ஐ.என்.ஆர். அளப்பதும் அவற்றைத்தான். மற்றது இரத்தத்தில் ஓடும் சிறுதட்டுகள். டைக்ளோஃபெனக், இபுபுரோஃபன், மெஃபனாமிக் அமிலம், நப்ரொக்சன் மாதிரியான நோக்குளிசைகள் அந்தச் சிறுதட்டுகளை மந்தமாக்குகின்றன. அதோடு இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் படலத்தையும் பலவீனமாக்கிப் புண்ணைக் கொண்டுவருகின்றன. ஒரு பக்கம் புண், மற்றப் பக்கம் அதை அடைக்க வேண்டிய இரண்டு கூட்டமும் முடக்கம். ஐ.என்.ஆர். சரியாக இருக்கிறது என்பதற்காக இந்தக் குளிசைகளைக் குடிக்கலாம் என்று ஆகாது. கிளினிக்கில் வெறும் பனடோலோடு நிறுத்தியதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

உழக்கியதும் ஊசியும் தனிக்கதை. வார்ஃபரின் குடிப்பவருக்குத் தசைக்குள் ஊசி போட்டால் உள்ளே இரத்தம் கட்டும் என்பதால் அதை முடிந்தவரை தவிர்ப்பார்களாம். எங்களுக்குக் கறுத்ததோடு போனது. அந்த நிலையத்தில் "அடுத்த கட்டமாக" முள்ளந்தண்டுக்குள் ஊசி போடலாம் என்றும் சொல்லி வைத்திருந்தார்கள். அதைக் கேட்டதும் டொக்டரின் முகம் மாறிவிட்டது. முன்னேற்பாடு இல்லாமல் அங்கே குத்தி உள்ளே இரத்தம் கசிந்தால் அது நரம்பை நெரிக்கும், கால் இழுத்துவிடும்.

வீட்டில் அடுத்த கூத்து. பார்க்க வந்த மாமா, "அது எலிப்பாசாணம் எல்லோ, நிப்பாட்டுங்கோ" என்றார். அம்மா குளிசைப் போத்தலைத் தூக்கி எறியவே போய்விட்டார். மாமா சொன்னது முழுப் பொய்யும் இல்லை. வார்ஃபரின் 1948இல் அமெரிக்காவில் எலி கொல்லத்தான் விற்பனைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கு மருந்தானது. ஆனால் அப்பாவைக் கவிழ்த்தது அது இல்லை, அதன் மேல் தெரியாமல் ஏற்றிய மற்றது. நாமாக நிறுத்தினால் பாரிசவாதம் காத்திருக்கிறது. டொக்டர்மார் சில நாள் நிறுத்தி வைத்து, புண்ணுக்கு மருந்து தந்து, பிறகு தாங்களே திரும்பத் தொடங்கினார்கள்.

கொடியேறிய அன்று அப்பா வார்ட்டில் இருந்தார். தேருக்கும் போகவில்லை.

சுகமாகி வீட்டுக்கு வந்தபிறகு நான் அந்த நிலையத்துக்குப் போனேன். பத்தில் ஏழு தடவைதான் போயிருந்தார், மிச்சம் மூன்றுக்குரிய 18,000ஐயாவது தாருங்கள் என்றேன். முதலில், தந்தது விற்றமின் என்றார்கள். வெட்டிய அட்டைத் துண்டின் படத்தைக் காட்டியதும், "ஐயா இருதய வருத்தத்தை எங்களிட்ட மறைச்சவர்" என்று கதை மாறியது. என் முன்னால்தான் சொன்னார் என்றேன். "எழுத்தில இருக்கோ?" அந்தப் படிவத்தில் எழுத இடமே இல்லாதது எவ்வளவு வசதி பாருங்கள். டொக்டரின் பதிவு இலக்கத்தைக் கேட்டேன்; அவர் கொழும்புக்குப் போய்விட்டார் என்றார்கள். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொன்னேன். சுவரில் முள்ளந்தண்டுப் படம்தான் இருந்தது. நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் எடுத்தேன். கையில் இருந்ததோ "சேவைக் கட்டணம்" என்ற சீட்டு மட்டும். என்ன சேவை, எத்தனை தடவை, என்ன மருந்து, ஒன்றும் அதில் இல்லை. காசு கட்டும்போதே அதை எழுதித் தரக் கேட்காதது என் பிழை.

இப்போது நாரி நோவுக்கு என்ன செய்கிறார் என்று பலரும் கேட்கிறார்கள். மாயம் ஒன்றும் இல்லை. பனடோல்தான், ஆனால் சொன்ன அளவில், சொன்ன நேரத்துக்கு. அதிலும் ஒரு விஷயம் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது: பனடோலை நாள்தோறும் முழு அளவில் தொடர்ந்து குடித்தால் ஐ.என்.ஆர். ஏறக்கூடும். அதனால் எத்தனை குடித்தார் என்பதும் இப்போது கொப்பியில் ஏறுகிறது. பிசியோதெரபியில் சொல்லிக்கொடுத்த பயிற்சி, சுடுதண்ணி ஒத்தடம், விடிய ஒரு நடை. பூசும் எண்ணெய், பாம் வகைகளில் மெத்தில் சலிசிலேட் என்று போட்டிருந்தால் அள்ளிப் பூசவேண்டாம் என்றார்கள். அது தோலுக்குள்ளால் இரத்தத்துக்குப் போய் வார்ஃபரினோடு சேரும். கீரையில் இருக்கும் விற்றமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்ற பயத்தில் முருங்கையிலை வறையையும் வல்லாரைச் சம்பலையும் அப்பா அடியோடு விட்டிருந்தார், அதுவும் பிழையாம். ஒரு கிழமை விட்டு மறுகிழமை அள்ளிச் சாப்பிடாமல் எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிட்டால் சரி.

நாட்டு வைத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. எங்கள் பரியாரியாரிடம் பிறகு போனபோது கொப்பியை வாங்கி முழுக்கப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல நான் உள்ளுக்குக் குடிக்க ஒண்டும் தரமாட்டன்" என்று திருப்பி அனுப்பினார். காசும் வாங்கவில்லை. அந்த ஏசி அறையில் கையைக் காட்டித் தடுத்த கொப்பியைத்தான் இவர் கண்ணாடி போட்டு வாசித்தார்.

உங்கள் வீட்டிலும் வார்ஃபரின் குடிப்பவருக்கு நாரி நோ இருந்தால், பல்லுப் பிடுங்கப் போனாலும் காய்ச்சலுக்குப் போனாலும் அந்தக் கொப்பி கையில் இருக்கட்டும். சில அன்ரிபயோற்றிக்கும் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். பெயர் எழுதாத உறையை வாங்காதீர்கள். மலம் கறுத்தால், முரசில் இரத்தம் வந்தால், விழுந்து தலை அடிபட்டால், பழைய நோ திடீரென்று வேறு மாதிரி உரத்துக் கால் சோர்ந்தால், மறுநாள் பார்ப்போம் என்று வைத்திருக்க வேண்டாம்.

18,000 ரூபாய் இன்னும் வரவில்லை. இன்று விடிய வந்த மஞ்சள் துண்டில் புதுப் பெயருக்குக் கீழே ஒரு வரி கூடியிருக்கிறது: "முதியோருக்கு விசேட கழிவு." அப்பா அதை வாங்கி நாலாக மடித்துக் கொப்பிக்குள் வைத்திருக்கிறார், அடுத்த கிளினிக்கில் டொக்டருக்குக் காட்டவாம்.