தார் பாலைவன எண்டூரன்ஸ் சவாரிக்கு முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஜெய்சல்மேர் பக்கம் "80 கிலோமீட்டர் பாலைவன எண்டூரன்ஸ் ரைடு, சர்வதேச விதிமுறைப்படி" என்று, குதிரையில் நெடுந்தூரம் ஓடும் போட்டிக்கு ஒரு குழு மறுபடியும் ஆள் சேர்க்கிறது. போன சீசனில் அவர்களிடம் 48,000 ரூபாய் கட்டிப் போனவள் நான். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. நம் ரைடிங் பள்ளிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் அதே போஸ்டர் சுற்றுவதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஜனவரி என்று சொன்ன சவாரியை மார்ச்சுக்குத் தள்ளினார்கள். வர முடியாமல் போனவர்களுக்கு முன்பணம் திரும்பவில்லை. கூடாரமும் சாப்பாடும் சொன்னதில் பாதிகூட இல்லை. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

குதிரை விஷயத்தில் பொறுக்க முடியாது. படத்தில் காட்டியது தசைக்கட்டான, ராஜஸ்தானின் மார்வாரி இனப் பெண்குதிரை. அங்கே கொண்டுவந்து நிறுத்தியது விலா எலும்பு தெரிகிற இன்னொன்று. சேணத்துக்கு அடியில் போடும் துணியைத் தூக்கினால், முதுகு மேட்டில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். மேலே மஞ்சளைக் குழைத்து அப்பியிருந்தார்கள். ஏற மாட்டேன் என்று நின்ற பிறகுதான் வேறு குதிரை வந்தது. விடியுமுன் கிளம்ப வேண்டியவர்கள், வெயில் ஏறிய பிறகு ஒன்பது மணிக்குக் கிளம்பினோம்.

எண்டூரன்ஸ் என்றால் யார் முதலில் வருகிறார்கள் என்பது மட்டும் இல்லை. பாதையை லூப் லூப்பாக, அதாவது சுற்றுகளாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு லூப் முடிந்ததும் கால்நடை மருத்துவர் குதிரையைப் பார்த்து, மேலே போகலாம் என்று சொல்ல வேண்டும். நாடித்துடிப்பு குறித்த நேரத்துக்குள் நிமிடத்துக்கு 64க்கு இறங்க வேண்டும். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படிய வேண்டும். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வயிற்றின் இரண்டு பக்கமும் குடல் சத்தம் கேட்க வேண்டும். கடைசியாக ட்ராட்டில், அதாவது மிதமான ஓட்டத்தில் ஓட்டிப் பார்த்து நொண்டல் இருக்கிறதா என்று கவனிப்பார்கள். வெயிலில் ஓடும் குதிரை ஒரு மணி நேரத்தில் 10 முதல் 15 லிட்டர் வரை வேர்வையாக இழக்கும், உப்பும் கூடவே போகும். உடம்பில் உப்புக் குறைந்த குதிரைக்குத் தாகமே எடுக்காமல் போகலாம். தண்ணீர்த் தொட்டியை வைத்துவிட்டால் போதும் என்று நினைப்பது அதனால்தான் ஆபத்து.

எங்கள் முதல் லூப் முடிவில் டாக்டர் என்று நின்றவர் ஸ்டெதஸ்கோப்பை மார்புமேல் வைத்து நாலு வினாடிகூட இருக்காது, "அறுபது" என்று கத்திவிட்டு அடுத்த குதிரைக்குப் போய்விட்டார். முன்னங்காலுக்குப் பின்னால் கையை வைத்து நான் எண்ணினேன். 15 வினாடியில் 19, அதாவது 76. பதிவு எண் கேட்டபோது சிரித்தார். அவர் லாயத்துக்குத் தீவனம் சப்ளை செய்பவர் என்று பிறகு சைஸ் (குதிரைப் பராமரிப்பாளர்) ஒருவர் சொன்னார். நான் அதோடு இறங்கிவிட்டேன்.

கோவையிலிருந்து வந்திருந்த ஒரு தம்பியின் குதிரைக்கும் அதே "அறுபது" கிடைத்திருந்தது. இரண்டாவது லூப்பில் அது மணலில் நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப வயிற்றைப் பார்த்தது, காலால் தரையைப் பறித்தது, படுக்கப் போனது. எல்லாம் வயிற்றுவலியின் அறிகுறிகள். "அக்கா, இதுக்கு என்னாச்சு?" என்று அவன் போனில் கேட்டபோது, சேணத்தை அவிழ்த்து வன்னி மர நிழலில் நிறுத்தச் சொன்னேன். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. குடல் ஓட்டம் நின்றால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. நகரிலிருந்து உண்மையான மருத்துவர் வந்து டிரிப் ஏற்ற மாலை ஆகிவிட்டது. குதிரை பிழைத்தது. அந்தப் பையனிடம் "குதிரையைக் கெடுத்துவிட்டாய்" என்று 60,000 ரூபாய் கேட்டு, ஆதார் அட்டையைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். போலீசைக் கூப்பிடுவோம் என்று எல்லோரும் சேர்ந்து நின்ற பிறகுதான் கொடுத்தார்கள்.

பணமும் கண்காணிப்பும் நிறைய இருக்கும் இடத்திலேயே இந்த விளையாட்டில் குதிரைகள் படும் பாட்டைக் காரணம் காட்டி, 2015-ல் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு ஐக்கிய அரபு அமீரகத்தின் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. கேட்க ஆளில்லாத மணலில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள்: மருத்துவரின் பெயர், மாநிலக் கால்நடை மருத்துவ கவுன்சில் பதிவு எண், தேதி மாறினால் பணம் திரும்புமா, குதிரைக்கு ஏதாவது ஆனால் செலவு யாருடையது. பதில் வராவிட்டால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ராஜஸ்தானுக்கு அலைய வேண்டாம். நான் அப்படித்தான் போட்டிருக்கிறேன். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை.

புண்ணோடு இருக்கும் விலங்கை வேலை வாங்குவது 1960 விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவில் குற்றம். அங்கே போய்விட்டவர்கள் ஏறுவதற்கு முன் துணியைத் தூக்கிப் பாருங்கள். புண் இருந்தால் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். என்னிடமும் அந்தத் தம்பியிடமும் இருக்கும் படங்கள்தான் இப்போது எங்கள் புகாரைத் தாங்கி நிற்கின்றன. அதே குழுவோடு போய் இப்படி அனுபவப்பட்டவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.