ஓட்டுக் கூரைக்கு வீட்டுக் காப்பீடு: 11 வருட அனுபவம், அதில் 7 மாதச் சண்டை

இந்தப் பாலிசியை எடுத்து 11 வருடம் ஆகிறது. முதல் 9 வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிரீமியம் கட்டினேன், ரசீது வந்தது, அவ்வளவுதான். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

ஒரு புயல் இரவில் முன்பக்கக் கூரையில் முகட்டு ஓடுகள் பிய்த்துக்கொண்டு போயின. அவற்றை ஒட்டிய இரண்டு வரிசையும் கூடவே போனது. விடியும்போது கூடத்தின் நடுவில் தண்ணீர் நின்றது. அன்றைக்கே தார்ப்பாய் போட்டேன். சேதம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு என்று பாலிசியிலேயே இருக்கிறது. நல்லவேளை, பாய் போடுவதற்கு முன்னால் படம் எடுக்கத் தோன்றியது. ஆனால் விழுந்து கிடந்த ஓட்டுத் துண்டுகளைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டேன். அதற்காகப் பிறகு மாதக்கணக்கில் வருந்தினேன்.

இழப்பீடு கேட்டு நிறுவனத்தில் கிளெய்ம் போட்டேன். அவர்கள் அனுப்பிய சர்வேயர், அதாவது சேதத்தை மதிப்பிடுபவர், வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. நீண்டகாலத் தேய்மானமும் பராமரிப்புக் குறைவும்தான் சேதத்துக்குக் காரணம், இவை பாலிசியின் விலக்குகளில், அதாவது பணம் தரப்படாத காரணங்களில், வருகின்றன, எனவே கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது.

கோபத்தில் நான்கு பக்கம் பதில் எழுதினேன். 9 வருட விசுவாசம், ஒருமுறைகூட கிளெய்ம் கேட்காதது, குழந்தைகள் நனைந்தது எல்லாம் அதில் இருந்தது. இரண்டே வரியில் பதில் வந்தது: முடிவில் மாற்றமில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் சொன்ன காரணத்தைப் பற்றி அந்த நான்கு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

அப்புறம்தான் சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டேன். போனில் கேட்டபோது "அது உள் ஆவணம் சார்" என்றார்கள். எழுத்தில் கேட்டதும் அனுப்பிவிட்டார்கள். 11 படங்கள், எல்லாமே தரையில் நின்று எடுத்தவை. "ஈரமாக இருந்ததால் மேலே ஏற இயலவில்லை" என்று அவரே எழுதியிருந்தார். பாசி படிந்த ஓடு தெரிந்தவை 7, 8 ஆகிய இரண்டு படங்கள்தான். இரண்டும் பின்பக்கக் கூரை. மரநிழல் விழும் பக்கம் அது, பாசி பிடிக்கத்தான் செய்யும். தண்ணீர் இறங்கியதோ முன்பக்கம். சண்டையை இங்கிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும்.

வக்கீலுக்குப் படிக்கும் மச்சினனிடம் காட்டினேன். பல நாடுகளில் நடைமுறை இதுதான் என்றான்: காப்பீடு ஏற்கும் ஓர் ஆபத்தால் சேதம் நடந்தது என்று நாம் காட்ட வேண்டும், விலக்கு பொருந்தும் என்றால் அதை நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். அதோடு நிறுத்தாமல் 1918-இல் பிரிட்டன் பிரபுக்கள் சபை (அன்று அங்கே உச்ச நீதிமன்றமும் அதுதான்) கொடுத்த ஒரு தீர்ப்பையும் சொன்னான். போர்க் காலத்தில் டார்பிடோ தாக்கிய ஒரு கப்பல் எப்படியோ துறைமுகம் வந்து சேர்ந்தது. அங்கே அலையில் தரைதட்டித் தரைதட்டிக் கடைசியில் மூழ்கியது. மூழ்கியதற்குக் காரணம் டார்பிடோதான், அலை அல்ல என்று தீர்ப்பு. கடைசியாக வந்தது எது என்று பார்க்கக் கூடாதாம், வலுவான காரணம் எது என்று பார்க்க வேண்டுமாம்.

"இது அவங்களுக்குத்தானே சாதகம்?" என்றேன். கூரையின் வயதை டார்பிடோ என்றும் புயலை அலை என்றும் சொல்லிவிடுவார்களே.

"அதனாலதான் அத்தான், கூரை மரம் நல்லா இருந்துச்சுன்னு காட்டணும். யாரையாவது மேல ஏத்துங்க" என்றான்.

சொந்தச் செலவில் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்தேன். நான் செய்த செலவுகளிலேயே உருப்படியானது அதுதான். ஏணி போட்டு ஏறி, கைமரத்தையும், ஓடு உட்காரும் மரச்சட்டமான ரீப்பரையும் ஒவ்வொன்றாக ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தார். உளுப்பு இல்லை, கரையான் இல்லை. முகட்டில் மிச்சமிருந்த ஆணிகள் எல்லாம் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. காற்று கூரையை அமுக்குவதைவிட உறிஞ்சித் தூக்குவதுதான் அதிகம், அந்த இழுப்பு முகட்டிலும் ஓரங்களிலும் மூலைகளிலும் கடுமையாக இருக்கும், பிய்ந்ததும் அங்கேதானே என்றார்.

பிறகு மழைநீர்க் குழாய்க்குள் கைவிட்டு ஓர் ஓட்டுத் துண்டை எடுத்தார். பின்பக்கம் ஏற்கனவே உடைந்திருந்த ஓர் ஓட்டையும் எடுத்துவந்து என் இரண்டு கையிலும் கைக்கொன்றாகக் கொடுத்தார். குழாயில் கிடந்ததன் முறிவு செக்கச்செவேலென்று இருந்தது, விரலில் பொடி ஒட்டியது. பின்பக்கத்து ஓட்டின் முறிவு கறுத்து, நுண்துளைக்குள்ளெல்லாம் பச்சை ஏறியிருந்தது. ஒன்று புயலில் உடைந்தது, இன்னொன்று எப்போதோ உடைந்தது. இதைப் பார்க்க நிபுணர் தேவையில்லை.

அன்றிரவு இரண்டாவது கடிதம் எழுதினேன், ஒரே பக்கம். பின்பக்கம் பழசுதான், அதற்குப் பணம் கேட்கவில்லை என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டேன். வீட்டில் இதற்கு எதிர்ப்பு. "நாமே ஏன் காட்டிக்கொடுக்கணும்?" என்றாள் மனைவி. ஆனால் அந்த வரிக்குப் பிறகுதான் மற்றதை நம்பினார்கள் என்பது என் எண்ணம். பொறியாளர் அறிக்கை, துண்டுகளின் படம், வானிலை நிலையத்தின் சான்று மூன்றையும் இணைத்தேன். சான்றில் இருந்த வேகம், காற்றின் வலுவை எண்ணால் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 9-இல் வந்தது. மணிக்கு 75 முதல் 88 கிலோமீட்டர். கூரை ஓடுகள் பெயரும் என்பது அந்த எண்ணுக்கான விளக்கத்திலேயே இருக்கிறது.

மறு ஆய்வுக்கு ஒத்துக்கொள்ள இரண்டு மாதம் இழுத்தார்கள். காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளருக்கான மனுவைப் பூர்த்திசெய்து, அதன் நகலை நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு அனுப்பிய பிறகே தேதி கிடைத்தது. இந்த முறை வந்த சர்வேயர் ஏறினார், அரைமணி நேரம் மேலே இருந்தார்.

கிளெய்ம் ஏற்கப்பட்டது. பணம் என்று வரும்போது அடுத்த தகராறு. என் பாலிசி தேய்மானம் கழித்துத் தரும் வகை. எடுக்கும்போது நான் கவனிக்கவே இல்லை. கூரைக்கு ஆயுள் 25 வருடம், 15 முடிந்துவிட்டது, எனவே 60 சதவீதம் கழிவு என்றார்கள். சுட்ட களிமண் ஓடு 50 வருடம் தாராளமாக நிற்கும், ஓட்டையும் ரீப்பரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்று எழுதினேன். கடைசியில் கழிவு ஓட்டுக்கு 30 சதவீதம், ரீப்பருக்கு 60 என்று முடிந்தது. தார்ப்பாய் ரசீதுக்கும் பணம் வந்தது. பொறியாளர் கட்டணத்துக்கு வரவில்லை.

பேச்சு முடிவதற்குள்ளேயே "முழுமையான, இறுதித் தீர்வு" என்று அச்சிட்ட வவுச்சரைக் கையெழுத்துக்கு அனுப்பியிருந்தார்கள். தொகை சரியாகும்வரை அது மேசையிலேயே கிடந்தது. அவசரப்பட்டுப் போட்டிருந்தால் 60 சதவீதக் கழிவோடு கதை முடிந்திருக்கும்.

இது நடந்து 2 வருடம். அதே நிறுவனத்தில்தான் இருக்கிறேன், ஆனால் புதிதாக மாற்றும் செலவை முழுதாகத் தரும் வகைக்கு மாறிவிட்டேன். பிரீமியம் கூடியது. மழைக்காலத்துக்கு முன் கூரையின் இரண்டு பக்கத்தையும் தேதியோடு படம் எடுத்து வைக்கிறேன். அந்த இரண்டு ஓட்டுத் துண்டுகளும் அலமாரியில் பாலிசிக் கோப்பின் மேலேயே இருக்கின்றன.

போன வாரம் புதுப்பித்தல் படிவம் வந்தது. "கூரையின் வயது" என்று ஒரே ஒரு கட்டம். முன்பக்கம் 2, பின்பக்கம் 17 என்று எழுதினேன். இடம் போதாமல் ஓரத்தில் வளைத்து எழுத வேண்டியதாயிற்று.