உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்: கோத்தா ராயாவில் ஒரு பிலிப்பினோ அம்மாவின் சாப்பாட்டுக் கடை

கோலாலம்பூரில் ஞாயிற்றுக்கிழமை கோத்தா ராயா கட்டடம் பக்கம் போயிருக்கிறீர்களா? பசார் செனி ஸ்டேஷனில் இறங்கி ஜாலான் துன் தான் செங் லோக் வழியாக நடந்தால் சில நிமிஷம்தான். மற்ற நாளில் சாதாரணப் பழைய கட்டடம். ஞாயிறன்று மட்டும் உள்ளே நுழைய இடம் இருக்காது. பணம் அனுப்பும் கடை, முடி வெட்டும் கடை, ஊருக்குப் பெட்டி அனுப்பும் கடை என்று எங்கே பார்த்தாலும் பிலிப்பினோப் பெண்கள். வாரம் முழுக்க யார் வீட்டிலோ சமைத்துக் கூட்டிப் பெருக்கியவர்கள், ஒரு நாள் லீவில் அங்கே வந்து சேர்கிறார்கள்.

மாடியில் ஒரு மூலையில் இருக்கிற சாப்பாட்டுக் கடையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்கார அம்மா சொல்லிவிட்டார். ஞாயிறு வருகிற கூட்டத்துக்கே சோறு பற்றவில்லையாம். அங்கே வருகிற பிள்ளைகள் எல்லாரும் அவரை நானாய், அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. ஊர் பிலிப்பைன்ஸில் இலோயிலோ. கணவர் சரவாக்காரர், கடை அவர் பேரில். நாங்கள் பேசிக்கொள்வது மலாயில். அரசு மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் என்று தெரிந்த நாளிலிருந்து நான் அவருக்கு மிஸி.

முதலில் சாப்பாடு. கண்ணாடிக்குப் பின்னால் தட்டுத் தட்டாக வைத்திருப்பார்கள், விரலைக் காட்டினால் அள்ளிப் போடுவார்கள். சோறும் இரண்டு வகையும் எடுத்தால் 15 ரிங்கிட்டைத் தாண்டாது. அடோபோ எல்லாருக்கும் தெரிந்தது, காடியும் சோயா சாஸும் பூண்டும் போட்டது. நன்றாகவே இருக்கிறது, ஆனால் அதற்காக இங்கே வர வேண்டியதில்லை. சினிகாங் என்பது புளிக் குழம்பு. முள்ளங்கி, கத்தரிக்காய், பயற்றங்காய், கங்கோங் கீரை எல்லாம் போட்டு மீனோடோ இறாலோடோ கொதிக்க வைக்கிறார்கள். மிளகும் சீரகமும் இல்லாத ரசத்தில் காய்கறியைப் போட்ட மாதிரி இருக்கும். காய்ச்சல் வாய்க்கு அமிர்தம். பலர் பாக்கெட் தூளில்தான் செய்கிறார்கள். நானாய் புளியை வேக வைத்துப் பிசைந்து வடிகட்டியில் ஊற்றி எடுக்கிறார். அந்த வித்தியாசம் நாக்கில் தெரிகிறது.

நான் போவது அதற்காகவும் இல்லை. மாதத்தில் ஏதாவது ஒரு ஞாயிறு இலோயிலோ பக்கத்து கோழிக் குழம்பு ஒன்று வைப்பார். கோழி, முழுத் துவரை, வாழைத்தண்டு, ஒரு கட்டு செராய் என்கிற எலுமிச்சைப்புல். அவ்வளவுதான். துவரையும் வாழைத்தண்டும் நம் வீட்டுச் சாமான் இல்லையா? அதைக் கோழியோடு சேர்க்கலாம் என்று என் அம்மாவுக்கோ பாட்டிக்கோ தோன்றியதே இல்லை. ஒரு நாள் சீக்கிரமாகப் போய்விட்டேன், நானாய் தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். வட்டம் வட்டமாக அரிந்து, ஒவ்வொரு அரிவுக்கும் வருகிற நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுத்தார். விரலில் வெள்ளையாக ஒரு மோதிரம் சேர்ந்ததும் உருவிப் போட்டார். அப்புறம் உப்புப் போட்டுப் பிசைந்து பிழிந்தார். உப்பு விஷயம் தவிர மற்றதெல்லாம் என் மாமியார் கைதான். துவரை மஸ்ஜித் இந்தியா மளிகைக் கடையில் வாங்கியது, தோலோடு இருக்கும் சிவப்புத் துவரை. அவர் ஊரில் கறுப்புத் துவரை போடுவார்களாம், குழம்பே கத்தரிப்பூ நிறத்துக்கு வந்துவிடுமாம். புளிப்புக்கு அவர்கள் ஊரில் பட்டுவான் என்று ஒரு காய். அது இங்கே கிடைக்காது என்பதால் ஆசாம் கெப்பிங் போடுகிறார். இரண்டும் குடம்புளி இனத்தைச் சேர்ந்தவைதான், குறை தெரியவில்லை.

சரி, குறைக்கு வருவோம். உப்பு. மீன் சாஸ், இறால் ஊறல், சோயா சாஸ் என்று மூன்று பக்கமும் உப்பு இறங்குகிறது. ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேல் உப்பு வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இங்கே ஒரு தட்டுச் சாப்பாட்டிலேயே பாதிக்கு மேல் போய்விடும் என்று என் நாக்கு சொல்கிறது. குழம்பை முழுக்கக் குடிக்காமல் காயையும் கறியையும் அள்ளிச் சாப்பிடுங்கள். இன்னொன்று, எல்லாத் தட்டுக்கும் ஒரே இடுக்கிதான். நிலக்கடலைக் குழம்பில் மாட்டுவால் போடும் காரே காரே பக்கத்துத் தட்டிலேயே இருக்கும். மாடு சாப்பிடாதவர்கள் வேறு கரண்டி கேட்டு வாங்குங்கள், முகம் சுளிக்காமல் தருவார்கள். சைவக்காரர்களுக்கு ஒன்றும் இல்லை. பாகற்காயும் வெண்டைக்காயும் பரங்கிக்காயும் போட்ட பினாக்பெட்டைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அதிலும் இறால் ஊறல் உண்டு. ஜாலான் துன் எச்.எஸ். லீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து நடந்து வரும் தூரம்தான், ஆனால் கோயிலுக்குப் போகிற அன்று அசைவம் தொடாதவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதுவரை எழுதியது எந்தக் கடைக்கும் எழுதலாம். நானாய் கடையின் விசேஷம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பல்குச்சி டப்பாவுக்கும் ராஃபியா கயிற்றுக்கும் நடுவில் ஒரு பிரஷர் மெஷின். வருகிற பெண்களில் யாராவது தலை வலிக்கிறது, கழுத்து இழுக்கிறது என்று சொன்னால் தட்டு வருவதற்கு முன்னால் பட்டி கையில் ஏறிவிடும். முதலில் அதைப் பார்த்தபோது எனக்குக் கை பரபரத்தது. சட்டைக் கைக்கு மேலேயே கட்டுகிறார், வந்து உட்கார்ந்தவுடன் அழுத்துகிறார், அந்தப் பெண்ணும் கால் மேல் கால் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே இருக்கிறாள். 158-க்கு 96 என்று வந்தது. நான் எழுந்து போய்ச் சொன்னேன்: ஐந்து நிமிஷம் சும்மா உட்காரட்டும், கால் இரண்டும் தரையில், துணி இல்லாத கையில் கட்டி, கையை நெஞ்சு உயரத்துக்கு மேசையில் வை, பேச்சு வேண்டாம். இரண்டாவது தடவை 144. அப்போதும் அதிகம்தான், ஆனால் பயப்படுகிற அதிகம் இல்லை. அன்றிலிருந்து நானாய் கண்டிப்பு மிஸியையும் மிஞ்சிவிட்டது. வாயைத் திறந்தால் மெஷினை அணைத்துவிடுகிறார்.

அந்தப் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வேலைப் பெர்மிட்டுக்கான பரிசோதனை, இவள் வேலைக்குத் தகுதியா என்று பார்ப்பதற்கு. இவளுக்குக் காலையில் ஏன் தலை சுற்றுகிறது என்று கேட்பதற்கு இல்லை. அரசு கிளினிக்கில் நமக்கு ஒரு ரிங்கிட், வெளிநாட்டவருக்கு அந்தக் கட்டணம் கிடையாது. லீவும் கேட்க வேண்டும். அதனால் தள்ளிப் போடுகிறார்கள். நானாய் தள்ளிப் போட விடுவதில்லை. அடுத்த ஞாயிறு வந்து "டாக்டரைப் பார்த்தேன்" என்று சொன்னால்தான் கேட்ட கறி கிடைக்கும். சொக்சோ என்கிற தொழிலாளர் காப்புறுதி பற்றியும் நச்சரிக்கிறார். 2021 ஜூன் மாதத்திலிருந்து வீட்டு வேலைக்காரர்களுக்கும், வெளிநாட்டவர் உட்பட, முதலாளி சொக்சோ கட்ட வேண்டும். வழுக்கி விழுந்து கை உடைந்தால் அதுதான் துணை. இது நம் வீடுகளில் வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கும் சொல்வது.

சோற்றைப் பற்றி அவரோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அவர் போடுவது பாலிஷ் செய்த வெள்ளையரிசி, நான் புழுங்கலரிசிக்காரி. பிறந்த குழந்தைக்கு டிக்கி டிக்கி கொடுத்துத்தான் தன் பிள்ளைகளை வளர்த்தேன் என்கிறார். அந்தக் காலத்தில் அது அரிசித் தவிட்டுச் சாறு, மானுவல் சமோரா என்ற பிலிப்பினோ மருந்தாளர் செய்தது, பி1 சத்துக் குறைவால் வருகிற பெரிபெரி நோய்க்கு. தவிட்டைச் சீவி எறிந்துவிட்டு அதையே சொட்டு மருந்தாகக் கொடுப்பதைவிட, நெல்லை அவித்துக் குத்தினால் சத்து அரிசிக்குள்ளேயே இறங்கிவிடுமே என்றேன். இது நானாகச் சொல்வதில்லை. 1905-ல் இதே கோலாலம்பூரில், மனநோயாளிகள் விடுதியில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற டாக்டர் ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசியும் இன்னொரு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளையரிசிப் பிரிவில்தான் பெரிபெரி பரவியது. அதற்குச் சில வருஷம் முன்பே நெகிரி செம்பிலானில் பிராடன் என்ற டாக்டர், புழுங்கலரிசி தின்னும் தமிழர்களுக்கு அந்த நோய் வருவதில்லை என்று கவனித்திருந்தார். நானாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதான் உங்க சோறு நாறுது போல" என்றார். வழக்கு இன்னும் முடியவில்லை.

2025 மே 12-ல் பிலிப்பைன்ஸ் தேர்தல் வந்தபோது கடையே வேறு மாதிரி ஆகிவிட்டது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு மாதம் அவகாசம். அந்த வருஷம்தான் முதல் தடவையாகப் பல நாடுகளில் இணையத்தில் ஓட்டுப் போடும் வசதி வந்தது. அதற்கு முன்கூட்டியே பதிந்துகொள்ள வேண்டும். செல்பேசியில் படம் பிடிக்கத் தெரியாத அக்காமார்களை வரிசையாக உட்கார வைத்து, கல்லூரி படித்த ஒரு பெண்ணை விட்டுச் செய்ய வைத்தார். யாருக்குப் போட வேண்டும் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. யாராவது கட்சிப் பேச்சு எடுத்தால், "அதை வெளியே போய்ப் பேசு, இங்கே பதிவு மட்டும்தான்." வெளிநாட்டுக்காரர்கள் அன்று தேர்ந்தெடுத்தது 12 செனட்டர்களையும் ஒரு கட்சிப் பட்டியலையும் மட்டுமே. மேயர், கவுன்சிலர் எல்லாம் ஊரில் இருப்பவர்களுக்குத்தான். அதனால் ஒரு பெண், "யார் வந்தா என்ன, என் ஊர் ரோட்டைப் போடப் போறாங்களா?" என்று கேட்டாள்.

நானாய் கரண்டியைக் கீழே வைத்தார். 1937 ஏப்ரல் 30-ல் பிலிப்பைன்ஸ் பெண்களிடமே ஓட்டெடுப்பு நடத்தினார்கள், உங்களுக்கு ஓட்டுரிமை வேண்டுமா என்று. குறைந்தது மூன்று லட்சம் பெண்கள் வேண்டும் என்று சொன்னால்தான் உண்டு, இல்லாவிட்டால் கிடையாது. ஆண்களுக்கு அப்படி ஒரு நிபந்தனை யாரும் வைக்கவில்லை. 447,725 பெண்கள் வேண்டும் என்றார்கள். அதில் ஒருத்தி நானாயின் பாட்டி, எழுதப் படிக்கத் தெரிந்த தையல்காரி. "பாட்டிக்கு ரோடு போட்டாங்களான்னு நான் கேக்கல. நீ முதல்ல பதிஞ்சுக்கோ" என்றார். அந்தப் பெண் பதிந்துகொண்டாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான்.

நம் மலேசியாவைப் பாருங்கள். 2021 டிசம்பரிலிருந்து 18 வயது ஆனால் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிடுகிறது. 2022 நவம்பர் 19 பொதுத் தேர்தலில் என் மகனை எழுப்பி அனுப்புவதற்குள் எனக்கு பிரஷர் ஏறிவிட்டது. ஓட்டுப் போடும் பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து இரண்டு தெரு. இதை நானாயிடம் சொன்னேன். அடுத்த தடவை பையனைக் கூட்டிக்கொண்டு வா, நான் பேசுகிறேன் என்றிருக்கிறார். அவன் இதுவரை வரவில்லை, காரணம் எனக்குத் தெரியும்.

போகிறவர்களுக்கு: மதியம் 12-க்கு முன்னால் போய்விடுங்கள். வாழைத்தண்டுக் கோழி ஒரு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும், என்றைக்கு வைப்பார் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் தினோலா எடுங்கள், இஞ்சி போட்டுப் பச்சைப் பப்பாளியும் முருங்கைக்கீரையும் சேர்த்த கோழி சூப், உப்பும் மற்றதைவிடக் குறைவு. மேசை ஆடும், பக்கத்துக் கடையில் கராவோக்கே அலறும், பேச்சுத் துணைக்கு ஆள் கூட்டிப் போவது வீண். வீட்டுக்கு வாங்குவதென்றால் பாத்திரம் கொண்டு போங்கள், பிளாஸ்டிக் பையில் சூடாக ஊற்றுவதை எத்தனை சொல்லியும் விட மாட்டேன் என்கிறார். கடைசியில் லெச்சே ஃபிளான் வைத்திருப்பார், முட்டையும் பாலும் சீனியும் இறுகிய பலகாரம், அருமை. ஆனால் உங்களுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) என்று ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டால் அப்புறம் காசை நீட்டினாலும் தர மாட்டார், பக்கத்தில் இருப்பவர் தட்டிலிருந்து எடுத்துத் தின்னவும் விட மாட்டார்.