நடையா, ஸ்லெட்டா, காரா? பனிக்காலத்தில் ஒரு கிலோமீற்றர்

ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபையில் ஜே.கே. (ஜூனியர் கிண்டர்கார்டன் என்ற பாலர் வகுப்பு) முதல் 5ஆம் வகுப்பு வரை, வீடு பாடசாலையிலிருந்து 1.6 கிலோமீற்றருக்குள் இருந்தால் மஞ்சள் பஸ் கிடையாது. ஸ்காபரோவில் ஒரு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு ஜனவரிக் காலையில் மிஞ்சுவது நாலு வழி: நடை, ஸ்லெட் (பனியில் கயிற்றால் இழுக்கும் சறுக்குப் பலகை), ஸ்ரோலர் (பிள்ளையை வைத்துத் தள்ளும் வண்டி), கார்.

எதுவென்று முடிவெடுக்க வெப்பநிலையை மட்டும் பார்த்தால் போதாது. விண்ட்சில், அதாவது காற்றையும் சேர்த்து உடம்பு உணரும் குளிர், என்னவென்று பாருங்கள். மைனஸ் 15இல் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று வீசினால் விண்ட்சில் மைனஸ் 26. அது மைனஸ் 28ஐத் தொட்டுவிட்டால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். மைனஸ் 40 என்றால் 5 முதல் 10 நிமிடமே போதும்.

நடைக்குப் பெரிய பலம், பிள்ளையின் உடம்பே சூட்டை உண்டாக்குவது. பலவீனம் நேரம். பெரியவருக்குப் 12 நிமிடம் எடுக்கும் தூரம் நாலு வயதுப் பிள்ளைக்குப் பனியில் 25 நிமிடம் ஆகலாம். பலர் விடும் பிழை, நடக்கும் பிள்ளைக்கு அளவுக்கு மிஞ்சிப் போர்த்துவது. உள்ளே பருத்திச் சட்டை இருந்தால் வியர்வையை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வாசலில் மணியடிக்கக் காத்து நிற்கும்போது அந்த ஈரம்தான் நடுங்க வைக்கும். உள்ளாடை கம்பளியாகவோ பொலியெஸ்ரராகவோ இருக்கட்டும். 15 நிமிடம் முந்திப் போய் முற்றத்தில் நிற்பதைவிட, மணியடிக்க 5 நிமிடம் முன் சேர்வது நல்லது.

ஸ்லெட்டில் கணக்குத் தலைகீழ். உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அசைவில்லை, சூடும் இல்லை. நடக்கும் பிள்ளையைவிட ஓர் அடுக்கு கூட வேண்டும். அடியில் மடித்த கம்பளமோ ஃபோம் துண்டோ போட வேண்டும், இல்லாவிட்டால் பிளாஸ்ரிக் வழியாகக் குளிர் ஏறும். புதுப்பனி விழுந்த காலையில் இதற்கு நிகர் இல்லை. ஆனால் உப்புப் போட்டுக் கொங்கிறீற் தெரியும் நடைபாதையில் அடி தேய்ந்து, இழுப்பவரின் தோள்தான் நோகும். கயிறு ஒன்றரை மீற்றராவது இருக்கட்டும்; குட்டையானால் இறக்கத்தில் ஸ்லெட் குதிக்காலில் வந்து இடிக்கும். சந்தியில் பிள்ளையை இறக்கிக் கையைப் பிடித்தே கடக்க வேண்டும். உழுது ஒதுக்கிய பனிமேட்டுக்குப் பின்னால் தரையோடு கிடக்கும் ஸ்லெட் காரோட்டியின் கண்ணில் படாது. ஏழு வயதுப் பிள்ளையை விடப்போகும்போது தம்பியையோ தங்கையையோ கூட்டிப்போவதற்குத்தான் ஸ்லெட் உண்மையில் பொருந்தும்.

ஸ்ரோலரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சின்னச் சுழல் சக்கரம் பனிமேட்டில் புதையும். பெரிய காற்றுச் சக்கரம் மூன்றுள்ள வண்டி ஓரளவு சமாளிக்கும். பிளாஸ்ரிக் உறை போட்டால் காற்றுத் துளை அடைபடாமல் பாருங்கள்.

கார் சுகமானதுதான், அதில் ஒரு பொறி உண்டு. தடித்த ஜக்கெற்றோடு பிள்ளையைக் கார் சீற்றில் கட்டினால், மோதலில் பஞ்சு நசுங்கிப் பட்டி தளர்ந்துவிடும். சோதித்துப் பார்க்கலாம்: ஜக்கெற்றோடு பட்டியை இறுக்குங்கள், பட்டியின் இறுக்கத்தை மாற்றாமல் பிள்ளையை வெளியே எடுத்து, ஜக்கெற்றைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை மறுபடி பட்டியில் மாட்டுங்கள். இப்போது தெரியும் தொய்வு எவ்வளவோ, அவ்வளவு ஆபத்து. மெல்லிய ஃபிளீஸோடு கட்டி, பட்டிக்கு மேலே ஜக்கெற்றைப் போர்த்திவிடுவதே வழி.

ஒரு கிலோமீற்றருக்கு எங்கள் தீர்ப்பு: விண்ட்சில் மைனஸ் 27 வரை நடை, அதற்குக் கீழே கார். காரே இல்லாத வீட்டில், முகத்தில் கண் மட்டும் தெரிய மூடிக்கொண்டு நடப்பது ஸ்லெட்டில் உட்கார வைப்பதைவிட மேல்.

உடுப்பிலும் இதே போட்டி. ஒரே துண்டு ஸ்னோசூட்டில் இடுப்பால் பனி புகாது, கதகதப்பும் கூட. ஆனால் ஜே.கே. பிள்ளை வெளி இடைவேளையில் அவசரமாகக் கழிவறைக்கு ஓடும்போது தோளிலிருந்து கணுக்கால் வரை உரிக்க வேண்டும். ரீச்சருக்கு இரண்டு கைதான். பாடசாலைக்குத் தோள்பட்டி வைத்த ஸ்னோ பாண்ட்ஸும் தனி ஜக்கெற்றுமே சரி. போடும் ஒழுங்கையும் பழக்கிவிடுங்கள்: முதலில் ஸ்னோ பாண்ட்ஸ், பிறகு பூட்ஸ், கழுத்துறை, தொப்பி, ஜக்கெற், கடைசியில் கையுறை. கையுறையை முதலில் போட்ட பிள்ளையால் சிப்பை இழுக்க முடியாது. சால்வை வேண்டாம், விளையாட்டுச் சாதனத்தில் சிக்கிக் கழுத்தை இறுக்கும். தலையால் மாட்டும் கழுத்துறைக்கு அந்தப் பயமில்லை.

கையுறையில் விரல் பிரிந்ததைவிட விரல்கள் ஒன்றாகக் கிடக்கும் மிற்ரன்தான் சூடு. பூட்ஸ் இறுகினால் எவ்வளவு விலை கொடுத்தும் பயனில்லை. இரண்டு சோடி காலுறையைத் திணித்தால் இரத்தம் ஓட இடமில்லாமல் விரல் முதலில் மரக்கும். ஒரு தடித்த கம்பளிக் காலுறை, விரலை அசைக்க இடம், கழற்றக்கூடிய உள்ளுறை; இவ்வளவும் போதும். வீட்டுக்கு வந்ததும் உள்ளுறையை இழுத்தெடுத்துத் தனியே காயப் போடுங்கள். பூட்ஸுக்குள்ளேயே விட்டால் மறுநாள் காலையும் ஈரமாகவே இருக்கும். பையில் உலர்ந்த மிற்ரன் இன்னொரு சோடி இருக்கட்டும். கன்னமோ காதோ வெளிறி மரத்துப்போனால் தேய்க்காதீர்கள், பனியால் ஒருபோதும் தேய்க்காதீர்கள்; வெறும் உள்ளங்கையை அதன்மேல் பொத்திப் பிடித்துக்கொண்டு உள்ளே போங்கள்.