பழைய கேகே, ஹேம்ஷயர் சாலை: போய்ப் பார்க்கலாமா?

கைப்பேசி வரைபடத்தில் வெறுமனே "கேகே" என்று தட்டினால் 100, புக்கிட் தீமா சாலையில் கொண்டுபோய் விட்டுவிடும். சிங்கப்பூரின் கேகே, அதாவது கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை 1997ல் குடிபெயர்ந்த இடம் அது. பழைய பிரசவ மருத்துவமனை 1, ஹேம்ஷயர் சாலையில் இருக்கிறது. அஞ்சல் குறியீடு 219428 போட்டால் சரியாக வழிகாட்டும். லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடைதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம், இது அருங்காட்சியகம் இல்லை. வரலாற்று இடமாக அடையாளம் காணப்பட்ட இந்த வளாகத்தில் இப்போது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அலுவலகம் நடக்கிறது. பிரசவ அறையையும் தொட்டில்களையும் காட்டலாம் என்று அம்மாவை அழைத்துவந்தால் அவருக்கு ஏமாற்றம்தான். வெளியே நின்று பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும். ஞாயிறு மாலையில் தேக்கா (லிட்டில் இந்தியா) நெரிசல் இங்கேயும் வழியும், காலையில் போங்கள்.

ஆனாலும் போகவேண்டிய இடம் என்பதே எங்கள் முடிவு. 1 அக்டோபர் 1924ல் 30 படுக்கைகளோடு பிரசவ மருத்துவமனையாகத் தொடங்கியது இது. 1966ல் மட்டும் இங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரு நாளைக்கு 109 என்றால், இரவு பகல் பாராமல் 13 நிமிடத்துக்கு ஒரு முதல் அழுகை! ஒரே பிரசவ மருத்துவமனையில் ஓராண்டில் மிக அதிகக் குழந்தைகள் பிறந்ததற்கான அந்தக் கின்னஸ் சாதனை பத்தாண்டுகள் நின்றது.

பெஞ்சமின் ஷியர்ஸ் என்றதும் பலருக்கு அவர் பெயரிலுள்ள பாலம்தான் ஞாபகம் வரும். 1971 முதல் 1981 வரை சிங்கப்பூர் அதிபராக இருந்த அவர், அதற்கு முன் இங்கே மகப்பேறு மருத்துவர். சிசேரியனில் கருப்பையின் மேற்பகுதியை நெடுக்காகக் கீறும் பழைய முறையை விட்டு, கீழ்ப்பகுதியைக் குறுக்காகக் கீறும் முறையைச் சிங்கப்பூரில் கொண்டுவந்தவர் அவர். மேற்பகுதி தடித்த தசை. ரத்தம் அதிகம் போகும், அடுத்த பிரசவ வலியில் தழும்பு பிளந்துவிடும் ஆபத்தும் கூடுதல். கீழ்ப்பகுதி மெல்லியது, நன்றாக ஆறும். அதனால் எத்தனை தாய்மார்கள் அடுத்த பிள்ளையையும் பத்திரமாகப் பெற்றிருப்பார்கள்!

பார்த்து முடித்ததும் பஃபலோ சாலை, கெர்பாவ் சாலைப் பெயர்ப்பலகைகள் வரை நடந்துவிட்டு வாருங்கள். கண்டாங் கெர்பாவ் என்றால் மலாயில் எருமைக் கொட்டில். மருத்துவமனைக்குப் பெயர் வந்தது இந்த வட்டாரத்து மாட்டு வியாபாரத்திலிருந்துதான்.

கிளம்புமுன் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பிறந்த இடம் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை, ஆண்டு 1997க்கு முன் என்றிருந்தால் நீங்கள் பிறந்தது இந்த வளாகத்தில். 1997 என்றே இருந்தால் மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், இடம் மாறிய ஆண்டு அது.