பழைய மினி டிராக்டர் வாங்குகிறவர்களுக்கு: டபுள் கிளட்ச் என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள்

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் பழைய மினி டிராக்டர் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதை முழுசாகப் படித்துவிட்டுப் போங்கள். பெங்களூரு ரோட்டோரத்தில் பழைய வண்டி விற்கும் ஒரு யார்டில் என்னை ஏமாற்றிவிட்டார்கள். இன்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது, டயரும் பரவாயில்லை. ஏமாற்று வேலை முழுக்க கியர் பாக்ஸிலும் கிளட்சிலும். புகையையும் டயரையும் பார்த்ததும் ஜனங்கள் விலை பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கு அணைக்கட்டு பக்கம் நிலம். தென்னைக்கும் வாழைக்கும் நடுவில் ஓட்ட, கத்தரியும் மல்லாட்டையும் போடும் கொல்லையைப் புழுதி ஓட்ட, கழனியில் சேடை ஓட்ட (நடவுக்குச் சேறடிக்க) ஒரு 24 எச்.பி. வண்டி போதும். பெரும்பாலும் ரொட்டவேட்டர் (சுழலும் கத்தியால் மண்ணைப் பொடியாக்கும் கருவி) வேலைதான் என்பதால் டபுள் கிளட்ச் இருந்தால் மட்டும் வாங்குவது என்று தேடினேன். யார்டில் கேட்டதும், "டபுள் கிளட்ச்தாண்ணா, கான்ஸ்டன்ட் மெஷ் கியரு, இன்னா சந்தேகம் உனக்கு" என்றார் விற்றவர். வாட்ஸ்அப்பிலும் அதையே எழுதி அனுப்பினார். யார்டுக்குள் சமதரையில் கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்டினார்கள், சத்தமே இல்லை. பின்னால் கருவியைத் தூக்கும் லிஃப்ட் மட்டும் மெதுவாக ஏறியது, பம்பிலிருந்து ஒரு இரைச்சல் வேறு. கேட்டதற்கு, புது ஆயில் ஊற்றியிருக்கிறோம், போகப் போக சரியாகிவிடும் என்றார்கள்.

கொல்லையில் இறக்கி ரொட்டவேட்டர் போட்டதும் ஆரம்பத்தில் ஒரு குறையும் இல்லை. வெயில் ஏறி கியர் பாக்ஸ் நன்றாகச் சூடானதும் உள்ளே கரகரவென்று சத்தம், அப்புறம் லோடு ஏறும்போதெல்லாம் லோ இரண்டாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வர ஆரம்பித்தது. லீவரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டியிருந்தது. பள்ளிகொண்டாவில் இருந்து மெக்கானிக் அண்ணன் வந்து அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கைத் திறந்தார், ஆயில் வெல்லப்பாகு மாதிரி நூலாக இறங்கியது. விரலில் தொட்டு வெயிலில் காட்டினார், இரும்புத் துகள் மினுமினுவென்று தெரிந்தது. தேய்ந்துபோன பல்லின் சத்தத்தை மறைக்க 140 நம்பர் கெட்டி ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். இந்த வண்டியில் கியருக்கும் லிஃப்டைத் தூக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான், கெட்டி ஆயிலை இழுக்க முடியாமல்தான் அன்றைக்கு யார்டில் பம்ப் இரைந்திருக்கிறது. பிரித்துப் பார்த்தால் கியர் ஸ்லைடிங் மெஷ், கிளட்ச் சிங்கிள். சொன்னது இரண்டுமே பொய்.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். சிங்கிள் கிளட்சில் பெடலை மிதித்தால் சக்கரத்தோடு பி.டி.ஓ.வும் (பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் ஷாஃப்ட்) சேர்ந்து நின்றுவிடும், வரப்போரம் திரும்பும்போது கியர் மாற்றினால் ரொட்டவேட்டரும் நிற்கும், மறுபடி மண்ணுக்குள் லோடோடு கிளம்பும், ஒவ்வொரு தடவையும் அந்த அடி கிளட்ச் பிளேட்டுக்கும் கியருக்கும்தான். டபுள் கிளட்சில் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், முழுசாக மிதித்தால்தான் பி.டி.ஓ. நிற்கும். இதைச் சோதிக்க மெக்கானிக்கே வேண்டாம். பின்னால் எதையும் மாட்டாமல், ஆட்களை விலகி நிற்கச் சொல்லிவிட்டு பி.டி.ஓ.வைப் போட்டு, வண்டியை மெதுவாக நகர்த்திப் பாதி மிதியுங்கள், வண்டி நின்ற பிறகும் பின்னால் ஷாஃப்ட் சுற்ற வேண்டும்.

கியர் வகையும் அப்படித்தான். ஸ்லைடிங் மெஷில் கியர் சக்கரமே நகர்ந்து போய் இன்னொன்றோடு பல் கோர்க்கும், வண்டியை நிறுத்தாமல் மாற்றினால் பல்லின் முனை தேயும், தேய்ந்தால் பாதிதான் கோர்க்கும், லோடில் கழன்றுவிடும். கான்ஸ்டன்ட் மெஷில் பற்கள் எப்போதும் கோர்த்தே இருக்கும், நடுவில் ஒரு காலர் மட்டும் நகர்ந்து பூட்டும், அதனால் அதிக நாள் தாங்கும். ஓடும்போதே மாற்ற சிங்க்ரோமெஷ் வசதிதான், ஆனால் டிரெய்லர் மாட்டி ரோட்டில் கரும்பு ஏற்றுகிறவர்களுக்குத்தான் அது உதவும், ரொட்டவேட்டருக்காக அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்பது என் கருத்து. கியர் மாற்றாமல் ஆயில் அழுத்தத்திலேயே ஓடும் ஹைட்ரோஸ்டேடிக் நம்ம பக்கம் அபூர்வம். பழசாக வந்தால், நன்றாகச் சூடான பிறகு மேட்டில் ஏற்றிப் பாருங்கள், இழுவை குறைந்தால் பம்பும் மோட்டாரும் தேய்ந்திருக்கும், அந்தச் செலவு சிறு விவசாயிக்குத் தாங்காது.

எந்த வகையாக இருந்தாலும் குறைந்தது ஒரு மணி நேரம் கல்டிவேட்டரோ ரொட்டவேட்டரோ மாட்டி மண்ணில் ஓட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு கியரிலும் லோடு கொடுங்கள். ஆயிலைக் கொஞ்சம் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள், பால் டீ கலரில் இருந்தால் சேடை ஓட்டும்போது தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். ஆர்.சி. புக்கில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் என்.ஓ.சி.யும் (கடன் பாக்கி இல்லை என்ற கடிதம்) ஃபார்ம் 35-ம் (ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்கும் படிவம்) கைக்கு வராமல் முழுப் பணம் தராதீர்கள்.

திரும்பப் போய்க் கேட்டபோது, "விற்ற வண்டிக்கு கேரண்டி கிடையாது" என்றார்கள். டிராக்டர் தொழிலுக்கு வாங்குவது, அதனால் நுகர்வோர் வழக்கும் போட முடியாது என்று மிரட்டினார்கள். அதுவும் பொய். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு வாங்கி உபயோகிப்பவர் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. 5 லட்சம் வரை கொடுத்து வாங்கியதற்குப் புகார் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் போட வேண்டும், விவரம் கேட்க 1915 என்ற எண் இருக்கிறது. வேலூர் நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்க மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் கொடுத்த ரசீதில் வண்டி நம்பரும் தொகையும் மட்டும்தான், கியர் பற்றி ஒரு வரி கிடையாது. என்னிடம் இருக்கும் சாட்சி அந்த வாட்ஸ்அப் மெசேஜும் மெக்கானிக் எழுதிக் கொடுத்த குறிப்பும், கழற்றிய கியர்களும்தான். அதே யார்டில் கியர் பற்றிப் பொய் சொல்லி வாங்கவைத்தவர்கள் வேறு யாராவது இருந்தால் கியரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், உங்கள் ரசீதோடு என்னிடம் பேசுங்கள், சேர்ந்தே மனு கொடுக்கலாம்.