சாண்டர்சனின் இலவசக் கதை வகுப்பு: எதைப் பார்க்கலாம், எதைத் தாண்டலாம்

கதை எழுத ஆசைப்பட்டு "எங்கேயிருந்து தொடங்கட்டும் அண்ணே?" என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்கு இப்போதெல்லாம் நான் அனுப்புவது ஒரு யூடியூப் தொடரைத்தான். அமெரிக்க மிகுபுனைவு (ஃபேண்டஸி) எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் நடத்தும் கதை வகுப்பு அது. 2020இல் நடந்ததைப் படம்பிடித்து இலவசமாகவே போட்டிருக்கிறார்கள். காசு கட்டிப் போன ஒரு பயிலரங்கில் "மனசைத் திறந்து வையுங்கள், எழுத்து தானாக வரும்" என்று நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வந்தவன் நான். சாண்டர்சன் அப்படிப் பேசுவதில்லை. முதல் நாவல் 2005இல் அச்சாவதற்கு முன்பே நாவல் நாவலாக எழுதிக் குவித்தவர். வாசகனைப் பிடித்து உட்காரவைப்பது கற்றுக்கொள்ளக்கூடிய வேலை என்று நம்பிப் பேசுகிறார்.

கதைப்பின்னல் பற்றிய இரண்டு பாடங்கள்தான் தொடரின் உயிர். கதையின் தொடக்கம் வாசகனுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது, நடுப்பகுதி அதை நோக்கி நகர்கிறது, முடிவு அதை நிறைவேற்றுகிறது என்கிறார். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் "கதை நல்லாத்தான் இருக்கு, முடிவுதான் என்னவோ ஒட்டலை" என்று நாம் சொல்கிற பாதிக் கதைகளின் நோய் இதில் பிடிபட்டுவிடும். முதல் பக்கத்தில் துப்பறியும் கதைக்கான வாக்கைக் கொடுத்துவிட்டுக் கடைசியில் குடும்பப் பாசத்தில் முடித்தால், அந்தப் பாசம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் வாசகன் ஏமாந்துதான் போவான். நடுப்பகுதி பற்றி அவர் சொல்வது இன்னும் உபயோகமானது. ஏதோ ஓர் இலக்கை நெருங்குகிறோம் என்ற உணர்வு இருக்கிறவரை வாசகன் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருப்பான். நிறைய சம்பவம் இருந்தும் கதை சலிக்கிறதென்றால் அந்த உணர்வு அறுந்துபோயிருக்கிறது.

சிறுகதைக்காரர்கள் தவறவிடக்கூடாத பாடம் விருந்தினராக வந்த எழுத்தாளர் மேரி ராபினெட் கோவால் எடுத்தது. இவர் பொம்மலாட்டக் கலைஞரும்கூட. கதை இழைகளை நான்காகப் பிரிக்கிறார். ஓர் இடத்துக்குள் நுழைந்து வெளியேறுவது ஒன்று. ஒரு கேள்வி எழுந்து விடை கிடைப்பது இன்னொன்று. ஒருவர் தன்மேல் கொண்ட அதிருப்தியில் தொடங்கித் தன்னைப் புரிந்துகொள்வதில் முடிவது மூன்றாவது. இயல்பு நிலை குலைந்து மறுபடி ஒரு நிலைக்கு வருவது நான்காவது. கடைசியாகத் தொடங்கிய இழையை முதலில் முடிக்க வேண்டும், முதலில் தொடங்கியதைக் கடைசியில் முடிக்க வேண்டும். அடுக்குப் பாத்திரத்தை மூடுகிற மாதிரி, உள்ளே இருப்பதற்கு முதலில் மூடி.

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு தங்கை கல்யாண மண்டபக் கதை ஒன்று எழுதியிருந்தாள். முதல் வரியிலேயே மணப்பெண்ணின் சங்கிலி காணாமல் போகிறது. தேடும்போது அக்கா தங்கைக்குள் பழைய சண்டை வெடிக்கிறது. அவள் எழுதியபடி சங்கிலி முதலில் கிடைத்துவிடும், சண்டை அதற்கப்புறமும் மூன்று பக்கம் ஓடும். எல்லோரும் அங்கேதான் சோர்ந்தோம். இந்தப் பாடத்தைப் பார்த்துவிட்டு வரிசையை மாற்றினாள்: அக்காவும் தங்கையும் சமையற்கட்டுப் படியில் உட்கார்ந்து பேசி முடிக்கிறார்கள், அப்புறம்தான் மாமியின் மஞ்சள் பையிலிருந்து சங்கிலி விழுகிறது. வசனத்தில் ஒரு சொல்லைக்கூட அவள் மாற்றவில்லை. கதை நிமிர்ந்து நின்றுவிட்டது.

அதே பாடத்தில் இன்னொரு கருவியும் இருக்கிறது. கதாபாத்திரம் ஒரு காரியத்தை முயன்றால் பதில் "நடந்தது, ஆனால்..." அல்லது "நடக்கவில்லை, போதாக்குறைக்கு..." என்று வர வேண்டும். அந்த மண்டபக் கதையிலேயே இப்படி வைத்துப் பாருங்கள்: வாட்ச்மேன் சங்கிலியைப் பார்த்திருக்கிறார், ஆனால் பார்த்தது மாப்பிள்ளை வீட்டார் கையில். சிக்கல் தானாக ஒரு படி ஏறிவிடுகிறது பாருங்கள்.

சாண்டர்சனின் பாத்திரப் படைப்புப் பாடமும் நன்றாகவே இருக்கிறது. பிடித்துப்போகும் தன்மை, திறமை, தானே முனைந்து செயல்படுவது என்ற மூன்றையும் ஏற்றி இறக்கிப் பார்க்கச் சொல்கிறார். வில்லன்கள் ஏன் நாயகர்களைவிட நினைவில் நிற்கிறார்கள் என்பதற்கு அந்த மூன்றாவதில் விடை இருக்கிறது.

குறைகளும் உண்டு. பேச்சு முழுக்க மிகுபுனைவு நாவலை நோக்கியே சாய்கிறது. உலகத்தைக் கட்டமைப்பது பற்றிய பாடங்களைக் கிராமத்துக் கதை எழுதுகிறவர் தாண்டிவிடலாம். பதிப்புத்துறை பற்றியவை அமெரிக்கச் சந்தைக்கானவை; நம் ஊரில் பதிப்பாளரை அணுகும் வழியே வேறு. எனக்குப் பெரிய ஏமாற்றம், வாக்கியத்தைப் பற்றி இவர் போதுமான அளவு பேசாததுதான். ஒரு வட்டார வசனம் எங்கே காதில் உரசும், எந்த வரியை வெட்டினால் பத்தி மூச்சுவிடும் என்பதையெல்லாம் இங்கே எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு நல்ல தமிழ்க் கதைகளைச் சத்தமாக வாசிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு பாடமும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும், மனிதர் வேகமாகப் பேசுவார். ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறும் என்றால் சப்டைட்டிலைப் போட்டு, வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். 2025இல் புதிய தொடரும் வந்திருக்கிறது. ஆனாலும் கோவாலின் சிறுகதைப் பாடத்துக்காக முதலில் 2020 தொடருக்கே போங்கள். கையில் நீங்கள் எழுதி முடித்த ஒரு கதை இருக்கட்டும். அந்த நான்கு இழைகளையும் அதில் அடிக்கோடிட்டுக்கொண்டே பாருங்கள்.